ஒரு சொம்புப் பானகம்

தானங்களில் எளியது தண்ணீர். பொன்னும் பூமியும் வழங்கச் செல்வம் வேண்டும். அன்னமிட அரிசியும் அடுப்பும் வேண்டும். ஒரு குடம் நீரும் ஒரு குவளையும் இருந்தால் ஏழையும் தண்ணீர் தருமத்தைச் செய்துவிடலாம். அதனாலேயே வெயில் ஏறத் தொடங்கியதும் கோயில் வாசலிலும் சாலையோர மரநிழலிலும் தண்ணீர்ப்பந்தல் வைப்பதை நம் முன்னோர் தலையாய அறமாகக் கொண்டனர்.

தண்ணீர்ப்பந்தல் என்றதும் அப்பூதியடிகள் நினைவுக்கு வருகிறார். திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் வாழ்ந்த அந்தணர் அவர். திருநாவுக்கரசரை அவர் நேரில் கண்டதில்லை. பெருமையைக் கேள்வியுற்ற அளவிலேயே ஆட்பட்டு, தம் பிள்ளைகளுக்கும் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அத்திருப்பெயரையே சூட்டினார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டுகிறார். வேளாளர் குலத்தில் தோன்றிய அடியவரின் பெயர் அந்தணர் வைத்த பந்தலில் நின்றது. வழிநடந்து வருவோருக்கு அங்கே தாகம் ஒன்றே தகுதியாக இருந்தது.

அந்த வழியே வந்த அப்பர் பெருமான் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்ததும், அடிகளின் இல்லத்தில் அமுது செய்ய இசைந்ததும், வாழையிலை அரியச் சென்ற மூத்த பிள்ளையை அரவம் தீண்டியதும், பதிகம் பாடி அப்பர் அவனை எழுப்பியதும் அன்பர்கள் நன்கறிந்தவை. அவற்றுள் ஒன்றைச் சற்று நின்று பார்க்கலாம். விடம் ஏறுகின்ற வேளையிலும் அந்தப் பிள்ளை, விருந்தினர் உண்ணத் தடை நேரக் கூடாதென்று இலையைக் கொண்டுவந்து தாயிடம் சேர்த்த பிறகே வீழ்ந்தான். பந்தல் வைத்தவர் தந்தை. அதன் பொருளை நெஞ்சில் வாங்கிக்கொண்டவன் மகன். பெரியவர்கள் செய்யும் தருமத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பகிர்ந்து பருகுவது பகவானுக்கும் உவப்பானது. விஜயவாடாவுக்கு அருகே மங்களகிரி மலையில் எழுந்தருளியிருக்கும் பானகால நரசிம்மருக்குப் பானகமே நிவேதனம். திருவாயில் வார்க்கும் பானகத்தில் பாதியை ஏற்று, மீதியை அடியவருக்கே திருப்பி அளிக்கிறார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஒரு குழந்தையின் சொல்லைக் காக்கத் தூணில் தோன்றிய பெருமான் அவர். அந்தக் குழந்தையான பிரகலாதனும், ஆசிரியர் அகன்றிருந்த நேரத்தில் உடன்பயின்ற அசுரக் குலப் பிள்ளைகளை அருகே அமர்த்தித் தான் பெற்ற நல்லறிவைப் பகிர்ந்துகொண்டான் என்று பாகவதம் கூறுகிறது.

பகிர்வதில் பிள்ளைகளுக்குத் தயக்கமில்லை. ஒரே பந்தை விரட்டியவர்கள் ஒரே பானையில் மொண்டு குடிப்பார்கள். தயக்கம் வருவது பெரியவர்களுக்கே. “எவர் வீட்டில் எதைக் குடித்தாய்?” என்ற கேள்வி வாசற்படியிலேயே காத்திருக்கிறது. அதை வெறும் வேற்றுமையுணர்வு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. குடும்பத்தின் ஆசாரம் பேரப்பிள்ளையோடு நழுவிப் போய்விடுமோ என்ற கவலையும் அதில் இருக்கிறது. ஆசாரமும் கெடாமல் அன்பும் குறையாமல் நடக்க வழி உண்டா?

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குச் சுவையளிக்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. இஸ்லாமிய மாதம் பிறை கண்டு தொடங்குவது. அந்தக் கணக்கில் அதிக மாதம் சேர்ப்பதில்லை. ஆகவே ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வந்துவிடுகிறது. நம் சாந்திரமானக் கணக்கில் அதிக மாதம் சேர்ப்பதால் ஸ்ரீராமநவமி பங்குனி, சித்திரையை விட்டு விலகுவதில்லை. இவ்விரு மாதங்களும் ஒன்றுசேரும் ஆண்டுகளில் வளர்பிறை நவமி, நோன்பின் ஏழாம் நாளையோ எட்டாம் நாளையோ ஒட்டி அமையும். 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவ்வாறே அமைந்தது. இனி அப்படி நேர ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். கோயிலில் பானகம் வழங்கும் நாளிலேயே பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியும் காய்ந்தது.

2022ஆம் ஆண்டு ஸ்ரீராமநவமி ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. காவிரிக்கரை ஊர் ஒன்றில், கோயிலும் பள்ளிவாசலும் இரண்டு தெரு இடைவெளியில் இருக்கின்றன. பெருமாளுக்கு நிவேதனமான பானகத்தையும் நீர்மோரையும் பாட்டி ஒருவர் வாசல் திண்ணையில் வைத்து, தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார். பேரனோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் தோழன் மட்டும் சற்றுத் தள்ளி நின்றான்.

“நீ வாங்கிக்கொள்ளவில்லையா, கண்ணா?”

“எனக்கு இன்று நோன்பு, பாட்டி. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.”

கையில் குவளையை ஏந்தியிருந்த பேரன் அதைப் பாட்டியிடமே நீட்டினான். “இவன் குடிக்கும்போது நானும் குடிக்கிறேன்.”

“பிரசாதத்தை மறுக்கலாகாது. நீ உன் பங்கை எடுத்துக்கொள். அவனுக்கு நான் வைக்கிறேன்” என்றார் பாட்டி.

பேரன் ஒரு மிடறு அருந்தினான். பாட்டி சமையலறைக்குள் சென்றவர், நிவேதனமான பானகத்தில் எடுத்து வைக்க நினைத்துக் கையை நிறுத்தினார். வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்பதில்லை என்பது அந்தப் பிள்ளையின் வீட்டு நெறியாக இருந்தால்? கேட்டால் சிறுவன் சங்கடப்படுவான். கேளாமல் கொடுத்தால் அவன் பெற்றோரின் நம்பிக்கையைக் குலைத்ததாகும். பாட்டி வேறு சொம்பு எடுத்தார். புதிதாக வெல்லம் கரைத்து வடிகட்டினார். சுக்கும் ஏலமும் பொடித்துச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, தட்டால் மூடி வைத்தார். “இது உனக்கென்று தனியே கரைத்தது. பூசையில் வைக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் அப்படியே சொல்லிக் கொடு” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

பிற்பகல் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் கஞ்சி வழங்கும் நேரம். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பது அந்த ஊருக்குப் புதிதன்று. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் மணம் தெருவின் கோடி வரை வரும். பேரனும் ஒரு தூக்கோடு வந்து நின்றான். தோழன் அவனை வரிசையிலேயே நிறுத்திவிட்டு, கஞ்சி காய்ச்சுபவரிடம் ஓடினான்.

“மாமா, இன்றைக்குக் கறி சேர்த்திருக்கிறதா?”

“பெரிய அண்டாவில் சேர்த்திருக்கிறது, தம்பி. ஏன்?”

சிறுவன் திரும்பி வந்தான். “இன்றைக்கு நீ வாங்காதே. உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கறி போடாமல் காய்ச்சும் நாளில் நானே வந்து சொல்கிறேன்” என்றான். பேரன் வெறும் தூக்கோடு வீடு திரும்பினான். நடந்ததைக் கேட்ட பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மாலையில் பாங்கொலி கேட்டபோது, பேரனுக்கென எஞ்சியிருந்த பானகத்தை அவரே எடுத்துக் கொடுத்து, “இப்போது குடி. அவனும் குடித்துக்கொண்டிருப்பான்” என்றார். நான்காம் நாள் அந்தத் தூக்கு நிறைந்து வந்தது.

பாட்டி தம் ஆசாரத்தில் எள்ளளவும் குறைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிறுவன் தன் நோன்பை முறித்துக்கொள்ளவில்லை. மற்றவர் எதைக் கொள்ளமாட்டார் என்பதை இருவருமே கொடுப்பதற்கு முன் எண்ணிப் பார்த்தார்கள். பாட்டிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அறுபது ஆண்டு விரத வாழ்க்கை. ஏகாதசியன்று பிறர் வற்புறுத்தினால் எவ்வளவு சங்கடம் என்பதை அவர் அறிவார். பசியோடு நிற்பவனின் உறுதி இன்னதென்று, தாமே உபவாசம் இருந்தவருக்குத்தானே தெரியும்? தம் நெறியில் ஆழமாக நிற்பவர்களே பிறர் நெறியையும் மதிக்க வல்லவர்கள்.

எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட்டு எதையும் கேளாமல் கொடுப்பது எளிது. அதில் தோழமை உண்டு, கவனம் இல்லை. ‘அவர்கள் வேறு’ என்று சொல்லிக் கொடாமலே இருப்பதும் எளிது. அதில் ஆசாரம் உண்டு; அன்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே, கேட்டறிந்து கொடுப்பது என்றொரு வழி இருக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் காட்டித்தர வேண்டிய வழி அதுவே.

இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல மொழி, பல சமயம், பல மாநிலத்துப் பிள்ளைகள் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். திண்ணை இல்லை; தண்ணீர்ப் புட்டி ஒவ்வொருவர் முதுகுப்பையிலும் தனித்தனியே இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பே அருகி வருகிறது. அந்த வாய்ப்பை உண்டாக்கித் தருவது தாத்தா பாட்டியர் கையில்தான் இருக்கிறது.

அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் மண்பானையில் நீர்மோர் கரைத்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கீழ்த்தளத்தில் வைக்கலாம். வார்க்கும் அகப்பையைப் பேரப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாம் அருகே நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். யார் வந்தாலும் முகம் பார்த்துப் புன்னகைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடுக்கலாம். பால் ஒவ்வாத பிள்ளை உண்டா, உபவாசத்தில் இருப்பவர் உண்டா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை அடுத்துச் சொல்லலாம். ஒருவர் “வேண்டாம்” என்றால் முகம் வாடாமல் கைகூப்ப வேண்டும் என்பது மூன்றாவது பாடம். மூன்றையும் கற்ற பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் எவரோடும் வாழ்ந்துவிடும். தன் பூசையறையையும் மறவாது.

அப்பூதியடிகளின் பந்தலுக்கு அப்பர் வருவார் என்று அடிகளுக்குத் தெரியாது. வருகிறவர் யாரென்று தெரியாமலே வார்ப்பதுதான் தண்ணீர்ப்பந்தல். நம் வாசலில் தாகத்தோடு நிற்கும் பிள்ளையின் வடிவில் எந்த அடியவர் வந்திருக்கிறாரோ, யார் கண்டது? குவளை நிறைந்திருக்கட்டும்.