புறாவும் பொறுப்பும்

தொழிற்குழு ஒவ்வொன்றும் தனக்கெனச் சில நகைச்சுவைகளைப் பேணி வருகின்றது. இணையத்தின் பாதைகளை நிருவகிக்கும் வலையமைப்புப் பொறியியலாளரிடத்தும் அத்தகைய மரபொன்று உண்டு. இணைய நெறிமுறை ஆவண வரிசையின் 1149 ஆம் இலக்க ஆவணம் 1990 ஏப்ரல் 1 ஆம் நாள் வெளியாயிற்று. தரவுப் பொதிகளைப் புறாக்களின் காலிற் கட்டி அனுப்பும் முறையை அது விளையாட்டாக விதந்துரைத்தது. 2001 இல் நோர்வேயின் பேர்கன் நகர ஆர்வலர் சிலர் அதனை மெய்யாகவே செய்து பார்த்தனர். அனுப்பப்பட்ட பொதிகள் 9. மறுமொழி கிடைத்தவை 4.

இந்நகைப்பு அச்சமூகத்தின் உயிர்ப்பினைக் காட்டுகின்றது என்பர் சிலர். தம் குறைகளைத் தாமே எள்ளி நகையாடத் தெரிந்தோர் அவற்றைத் திருத்தவும் வல்லர் என்பது அவர்தம் வாதம். வாதம் கவர்ச்சியானதே, ஆயின் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை.

இணையப் பாதைகளைத் தெரிவுசெய்யும் எல்லைவாயில் நெறிமுறையை 1989 இல் கேர்க் லொகீட், யாக்கோவ் றெக்ரர் ஆகிய இருவரும் உணவுமேசைக் கடதாசித் துண்டுகளில் வரைந்து தொடங்கினர். அக்கதை இன்றும் பெருமிதத்தோடு சொல்லப்படுகின்றது. அந்நெறிமுறையின் அத்திவாரம் நம்பிக்கை ஒன்றே. ‘இம்முகவரிகளுக்கு வழி என்னிடம் உண்டு’ என ஒரு வலையமைப்பு அறிவிப்பின், அயல் வலையமைப்பு அதனை ஏற்றுப் பிறர்க்கும் உரைக்கும். அறிவித்தோர்க்கு அவ்வுரிமை உண்டோ என வினவும் ஏற்பாடு அதனுள் இல்லை.

1997 ஏப்ரலில் அமெரிக்கச் சிறு நிறுவனமொன்றின் தவறான அறிவிப்புகள் இணையத்தின் பெரும்பகுதியைக் குழப்பியபோதே இக்குறை வெளிப்பட்டது. பதினோராண்டுகள் கழிந்தும் அது தீரவில்லை. 2008 பெப்ரவரி 24 அன்று, யூரியூப்பைத் தம் நாட்டிற்குள் தடுக்கும் பொருட்டுப் பாகிஸ்தான் தொலைத்தொடர்பு நிறுவனம் உருவாக்கிய பொய்ப்பாதை நாட்டெல்லை கடந்து கசிந்தது. மேலிணைப்பு வழங்கிய ஹொங்கொங் நிறுவனம் அதனை வடிகட்டாது உலகெங்கும் பரப்பிற்று. யூரியூப்பின் அறிவிப்பு 1024 முகவரிகளைச் சுட்டியது. பொய்ப்பாதையோ அவற்றுள் 256 ஐ மட்டுமே சுட்டியது. குறுகிய பரப்பைச் சுட்டும் பாதைக்கே முதன்மை என்பது இணைய விதி. ஆதலின் பொய் வென்றது. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூரியூப் எட்டாதிருந்தது.

ஈண்டு ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. பேர்கனில் பொதிகளை இழந்தோர் அவ்விளையாட்டை விரும்பி ஆடியோரே. 2008 இல் துன்புற்ற பொதுமக்களோ அந்நகைப்பிற் பங்காளர் அல்லர். ‘இணையம் இப்படித்தான்’ என்னும் சிரிப்பு, மனிதர் செய்யத் தவறியதை இயற்கையின் நியதிபோற் காட்டுகின்றது. வாடிக்கையாளரின் அறிவிப்புகளை வடிகட்டும் முறை 2008 இற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. அறிவிப்பின் தோற்றுவாயை மின்னொப்பத்தாற் சரிபார்க்கும் முறையும் 2012 இல் ஆவண வடிவம் பெற்றது. அது பாதை முழுவதையும் காவாதெனினும் இத்தகைய பொய்யுரிமையைப் பெரிதும் தடுக்கவல்லது. எனினும் அனைவரும் இவற்றைக் கைக்கொண்டாரல்லர். ஏனெனில் செலவு தமக்கு, பயன் பிறர்க்கு. இலாபக் கணக்கின் இத்தயக்கத்திற்கே நகைச்சுவை திரையாகின்றது.

நகைப்பைக் கைவிடுமாறு எவரும் கோரவில்லை. ஆயின் அடுத்த ஏப்ரலில் புறாக்களைப் பற்றி எழுதப்புகுமுன், தம் வாயிலில் வடிகட்டி உண்டா என்பதை அப்பொறியியலாளர் ஒவ்வொருவரும் சோதித்தல் வேண்டும்.