எல்லாம் வண்டுதானே?

போன வாரம் இங்கே டொராண்டோவில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. பேச்சு ஊர், தோட்டம், மாம்பழம் என்று சுற்றி வந்தது. நான் சும்மா இருக்காமல், மாமரத்தைத் தின்கிற வண்டு எந்தக் குடும்பம், எந்தத் துணைக்குடும்பம் என்று ஆரம்பித்துவிட்டேன். நண்பர் சிரித்தார். "யோவ், பி.காம் படிச்சிட்டு பேங்க்ல உக்காந்திருக்கிற ஆளு, உனக்கெதுக்குய்யா வண்டோட ஜாதகம்? எல்லாம் வண்டுதானே? மருந்து என்னன்னு சொல்லு, போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ரசத்தைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். சாம்பியன் ரீப்பில் லைன் வீடு. தாத்தா காலத்து மரக்கட்டில் ஒன்று இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்ததும் அதற்குள்ளிருந்து கறுக் கறுக்கென்று சத்தம் வரும். காலையில் கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரி தூள் கிடக்கும். எப்போதாவது ஒருநாள் ஓட்டை போட்டுக்கொண்டு பழுப்பு நிற வண்டு ஒன்று வெளியே வரும், உடம்புக்கு மேல் நீளமான மீசையோடு. 'கட்டில் வண்டு' என்போம். அம்மா துடைப்பத்தால் ஒரே போடு. கதை முடிந்தது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். என் தாய்மாமா கைக்கு வந்த காசைப் போட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, பேத்தமங்கலா பக்கம் நாற்பது மாமரம் இருந்த தோட்டம் ஒன்றை வாங்கினார். ஏழெட்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் இரண்டு மரம் பட்டுப்போனது. வெட்டி, கட்டைகளை வேலியோரம் விறகுக்கு அடுக்கி வைத்தார். மழை ஆரம்பித்ததும் அந்த அடுக்கிலிருந்து பெரிய பெரிய வண்டுகள் கிளம்பின. போனில் சொன்னார்: "நம்ம கட்டில் வண்டுதாண்டா. காஞ்ச மரத்தைத்தான் தின்னும், பச்சை மரத்தைத் தொடாது." நானும் "ஆமா மாமா" என்றேன்.

அந்த "ஆமா"தான் இன்றைக்கும் உறுத்துகிறது. கடையில் கொடுத்த மருந்தை மாமா இலைக்கு அடித்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷத்தில் பதினோரு மரம் போய்விட்டது. கடன் மட்டும் பட்டுப்போகவில்லை.

லீவில் ஊருக்குப் போனபோது அந்த வண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம் இருக்கும். சாம்பல் நிறம். தலைக்குப் பின்னால் கழுத்து மாதிரி இருக்கும் இடத்தில் செம்மஞ்சளாக இரண்டு புள்ளி. இது கட்டில் வண்டே இல்லை!

கட்டிலில் இருந்தது அநேகமாக ஸ்ட்ரோமேசியம் பார்பேட்டம். காய்ந்த மரத்தில் வளர்ந்து, திரும்பவும் காய்ந்த மரத்திலேயே முட்டை வைக்கும். செராம்பிசினே என்ற துணைக்குடும்பம். மாமா தோட்டத்தில் இருந்தது பட்டோசெரா ரூபோமாகுலேட்டா, லாமினே என்ற துணைக்குடும்பம். வெளியே வந்ததும் இளங்கிளைகளின் பட்டையைக் கடித்துத் தின்னும், பிறகு உயிருள்ள மரத்தின் பட்டையைக் கீறி முட்டை வைக்கும். விரல் நீளப் புழு தண்டுக்குள்ளேயே இருப்பதால் இலைக்கு அடிக்கிற மருந்து அதன் மேல் படவே படாது. ஓட்டையைக் கண்டுபிடித்து, கம்பி விட்டுப் புழுவை இழுக்க வேண்டும், அல்லது ஓட்டைக்குள் மருந்து வைத்து மண்ணால் அடைக்க வேண்டும். தாக்கின கட்டையை எரித்துவிட வேண்டும். மாமாவோ அதைப் பத்திரமாக அடுக்கி, வண்டுப் பண்ணையே வைத்திருந்தார்.

இரண்டும் ஒரே குடும்பம்தான், செராம்பிசிடே. நீள்கொம்பு வண்டுகள். உலகத்தில் 35,000 இனங்களுக்கு மேல், இந்தியாவில் மட்டும் 1,500-க்கு மேல். துணைக்குடும்பத்தைப் பிரித்துப் பார்க்க எம்.எஸ்ஸி. எல்லாம் தேவையில்லை. லாமினேக்கு முகம் செங்குத்தாக, வாய் கீழ்நோக்கி இருக்கும், வாயோரத்து உணர்கொம்பின் நுனி கூராக இருக்கும். செராம்பிசினேக்குத் தலை முன்பக்கம் சாய்ந்து நீளும், அந்த நுனி மொட்டையாக இருக்கும். ஆனால் அதோடு நிறுத்தினால் மறுபடி ஏமாறுவோம். சிக்மகளூர், குடகு காபித் தோட்டங்களை அழிக்கிற வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் செராம்பிசினேதான், அது உயிருள்ள காபிச் செடியைத்தான் தாக்கும். அதனால் இனம் வரைக்கும் போக வேண்டும்.

இப்போது விவசாயிக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களைப் பாருங்கள். நெல்லுக்கும் தண்டுத் துளைப்பான், மாமரத்துக்கும் தண்டுத் துளைப்பான். நெல்லில் இருப்பது அந்துப்பூச்சியின் புழு, மாமரத்தில் இருப்பது வண்டின் புழு. மாமரப் பட்டையைத் தின்கிற புழு வேறே, அதுவும் அந்துப்பூச்சி வகை. செய்கிற சேதத்தை வைத்துப் பேர் வைத்தால், சேதம் ஆன பிறகுதான் ஆளைத் தெரியும்.

நண்பரே, நான் பேங்க்காரன். என் பிழைப்பே வகைப்படுத்துவதுதான். இந்தியாவில் 2004 மார்ச் முதல், வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். பயிர்க்கடனுக்கு மட்டும் பயிர்ப் பருவத்தை வைத்துக் கணக்கு. ஏன்? மாங்காய் 90 நாளில் காய்க்காது என்பதால். அந்தக் கடனைத் தப்பான தலைப்பில் போட்டால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? "எல்லாம் கடன்தானே" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள் :-) காகிதத்தில் இருக்கிற கடனுக்கு இத்தனை தலைப்பு, அதை அடைக்க வேண்டிய மரத்தைத் தின்கிற பூச்சிக்கு ஒரே தலைப்பா?

நாம் குடியிருக்கிற இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் டொராண்டோவுக்கும் வானுக்கும் நடுவில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். இதுவும் லாமினே, நம் மாமர வண்டுக்குப் பங்காளி. மேப்பிள் மரத்துக்கு எமன். இதே மாதிரி கறுப்பாக ஒரு உள்ளூர் வண்டு பைன் மரங்களில் உண்டு, அது பெரும்பாலும் நலிந்த, செத்த மரத்துக்குத்தான் போகும். இரண்டுக்கும் முக்கிய அடையாளம் இறக்கைகள் சேரும் இடத்தில் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. இருந்தால் உள்ளூர்க்காரன், இல்லாவிட்டால் வந்தேறி. அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டை விறகை வெளியே எடுத்துப்போகத் தடை போட்டார்கள், ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டினார்கள். 2013-ல் ஒழிந்தது என்று அறிவித்த அதே வருஷம் மிசிசாகாவில் திரும்ப வந்தது. மறுபடி போராடி 2020-ல் ஒழித்தார்கள். "எல்லாம் வண்டுதானே" என்று யாராவது உட்கார்ந்திருந்தால் தெருவில் மேப்பிள் மிஞ்சியிருக்குமா?

"பேரை மாத்திக்கிட்டே இருக்காங்களே, அது என்ன விஞ்ஞானம்?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஸ்டெபான் வான் புரூனிங் என்ற ஆஸ்திரியர் லாமினேயில் மட்டும் 7,000-க்கு மேல் புதுப் பேர்கள் வைத்தார். அதில் பல, ஏற்கெனவே பேர் இருந்த வண்டுகள் என்று பிறகு தெரிந்தது, தள்ளுபடி ஆனது. இது குறை இல்லை சார், தணிக்கை. தப்பான பதிவைத் திருத்தி எழுதுகிற கணக்குப் புத்தகத்தைத்தான் நான் நம்புவேன்.

என் கோபம் வேறு இடத்தில். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் பற்றிய நூல்வரிசையில், கஹான் எழுதிய நீள்கொம்பு வண்டுப் பாகம் 1906-ல் வந்தது. லாமினே அதில் இல்லை. அடுத்து வந்திருக்க வேண்டிய அந்தப் பாகம் வரவேயில்லை. அதாவது மாமா தோட்டத்து வண்டு இருக்க வேண்டிய பாகம்! பிறகு 2017-ல் இந்தியா முழுமைக்குமான பட்டியல் ஒன்று ஆராய்ச்சி இதழில் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் பட்டியல் தோட்டத்துக்கு வந்து சேராது. படத்தோடு, அடையாளத்தோடு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கோலார் மாவட்டத்து மா விவசாயி கைக்கு வர வேண்டும். வகைப்பாடு படித்த ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். தோட்டக் கடன் கொடுக்கிற கிளையின் சுவரிலும் அந்தப் படம் தொங்கட்டும். கடன் திரும்புவதும் அதைப் பொறுத்ததுதான்.

கடைசியாக ஒன்று. ரூபோமாகுலேட்டா என்றால் லத்தீனில் சிவப்புப் புள்ளி கொண்டது என்று அர்த்தம். 1775-ல் டி கீர் என்ற சுவீடன்காரர் வைத்த பேர். மாமாவுக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே விஷயம் அந்தப் பேரிலேயே இருந்தது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. இருந்த ஒரு மருமகனும் போனில் "ஆமா மாமா" என்றான்.

இப்போது மாமா மழைக்கு முன்னால் கையில் கம்பியோடு ஒவ்வொரு மரமாகச் சுற்றுகிறார். இருபத்தொன்பது மரமும் நிற்கிறது.