எடைக்கருவி சொல்லாத கணக்கு

2004ஆம் ஆண்டு சனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. அதில் இருந்த இருவரில் ஒருவர் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்றும், யாஜ்னிக்கின் தலையாய உடற்பயிற்சி காலையில் மின்தூக்கியின் கதவு மூடுமுன் ஓடிப்போய் நுழைவதே என்றும் அக்குறிப்பு தன்னைத்தானே கேலி செய்துகொண்டது.

கேலி ஒருபுறம் இருக்க, அப்படம் காட்டியது இந்திய உடலின் நெடுநாள் சிக்கலை. புனே வட்டாரச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் அது 3.5 கிலோ. அந்த எடைக்குறைவு தசையில்தான் பெரிதும் இருந்ததே தவிர, தோலடிக் கொழுப்பில் அவ்வளவாக இல்லை. ஒல்லியான தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்த உடல் என்பது பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியர்க்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்று மருத்துவர்கள் வரையறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உடல்நலம் பற்றிய அன்றாடப் பேச்சு இன்னும் எடைக்கருவியைச் சுற்றியே நடக்கிறது. 'எத்தனை கிலோ குறைந்தது?' என்று கேட்பவர் உண்டு. எது குறைந்தது என்று கேட்பவர் இல்லை. சனவரி மாதத்தில் பெங்களூருவிலோ குருகிராமிலோ ஏதேனும் ஓர் உடற்பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் இதைக் கண்ணாரக் காணலாம். டிரெட்மில்லுக்கு வரிசை நிற்கும். எடைக்கட்டைகள் சீந்துவாரின்றிக் கிடக்கும். நாள்தோறும் ஒருமணி நேர ஓட்டம், இரவில் இரண்டு சப்பாத்தி அல்லது வெறும் சாலட், மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைவு. உடனே வாழ்த்துகள் குவிகின்றன. பட்டினியால் இழந்த எடையில் கணிசமான பங்கு தசையாக இருக்கக்கூடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. பழைய உணவுக்குத் திரும்பியதும் எடை திரும்புகிறது. ஆனால் தசைக்கு வேலை தராதவரிடம் அது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. முன்னைவிட மோசமான உடலோடு அவர் அடுத்த சனவரிக்காகக் காத்திருக்கிறார்.

தசை என்பது அழகுப்பொருள் அன்று. உணவுக்குப்பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்வாங்கும் முதன்மையான கிடங்கு அதுவே. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. கிடங்கு சிறிதாக உள்ள மக்களிடம் அக்கிடங்கை இன்னும் சுருக்குவதே உடல்நலம் என்று விற்கப்படுவது கொடுமை.

'பயிற்சி' என்னும் சொல் 'பயில்' என்னும் வினையிலிருந்து வந்தது. தெரிந்த பாடத்தையே நாள்தோறும் ஒப்பிப்பவர் எதையும் பயில்வதில்லை, உடலும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் வலுவிழந்த கால்களைத் தேற்றிய அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம், இலேசான அசைவுகளைப் பலமுறை செய்யவைக்கும் அன்றைய வழக்கத்தை விடுத்து, சிலமுறையே தூக்கக்கூடிய கனத்த பாரத்தைத் தந்து, வலு கூடக்கூடப் பாரத்தையும் கூட்டினார். 1945இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தை இன்றுவரை எவரும் மறுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், தரையிலிருந்து தூக்குதல் என்னும் நான்கு அசைவுகள், சென்ற வாரம் தூக்கியதைக் குறித்துவைக்க ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு, இடையில் ஓய்வு, போதிய உறக்கம். தொடக்கநிலையில் உள்ளவர்க்கு இதற்குமேல் தேவையில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் வாரம் 150 நிமிட நடை எல்லார் நினைவிலும் உள்ளது. அதே வழிகாட்டுதல் வாரம் இருநாள் தசை வலுவூட்டலையும் கேட்பது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

பெண்களிடம் இந்த மறதி இன்னும் கடுமை. எடை தூக்கினால் ஆண்போல் உடல் திரண்டுவிடும் என்னும் அச்சம் அவர்களை நடைப்பயிற்சியோடு நிறுத்திவிடுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 115 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்திய மீராபாய் சானுவின் உருவத்தை ஒருமுறை பார்த்தால் அந்த அச்சம் தெளியும்.

எனினும் பாரம் மட்டுமே தசையைத் தருமென்றால், கட்டுமானத் தளங்களில் நாளெல்லாம் செங்கல் சுமப்பவர்கள்தாம் நாட்டின் மிகச்சிறந்த உடலாளர்களாக இருக்க வேண்டும். அவர்கள் உடலில் சேர்வது தேய்மானம். உழைப்பைத் தசையாக்கும் உணவும் ஓய்வும் அவர்களுக்கு இல்லை.

உணவின் இந்த வலிமையைக் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளைக் கொண்டு சோதித்தார். ஒரே குலத்து எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளை அவர் அளித்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. 'போர்க்குலங்கள்' என்று இரத்தத்தைப் பார்த்து மக்களைத் தரம்பிரித்த ஆட்சியின் கீழ், வேறுபாடு தட்டில் இருப்பதாக எலிகள் சொல்லின. மெக்கரிசன் வளர்த்த நிறுவனம் பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது. 2024இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறத்தாழ அதே குறையைத்தான் பேசுகிறது: தானியங்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது, இந்தியத் தட்டிலோ அது 50 முதல் 70 விழுக்காடு.

அதே வழிகாட்டுதல் புரதத்தூள் வேண்டாம் என்றும் சொல்கிறது. தூள் மந்திரமும் அன்று, நஞ்சும் அன்று; மோர்ப்புரதம் என்பது பாலின் ஒரு பகுதி, அவ்வளவே. ஆனால் 'தூள் வேண்டாம்' என்பதோடு அறிவுரை முடிந்துவிடக் கூடாது. அந்நிறுவனம் வகுத்த அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம், அது பொதுமக்களுக்கானது. பாரப் பயிற்சி செய்வோருக்கு 1.6 கிராம் வரை பயன் கூடுவதாகவும் அதற்குமேல் பெரிதாகக் கூடுவதில்லை என்றும் 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை கண்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராமிலிருந்து 96 கிராம் வரை. காலையில் போஹாவோ உப்புமாவோ உண்டு, நண்பகலில் சோற்றின்மேல் தெளிந்த சாம்பாரை ஊற்றிக்கொள்பவர் கீழெல்லையைத் தொடுவதே அரிது. ஒரு கிண்ணக் கெட்டிப் பருப்பில் ஆறேழு கிராம், ஒரு முட்டையில் ஆறு, நூறு கிராம் பனீரில் ஏறத்தாழ பதினெட்டு, ஐம்பது கிராம் சோயாத் துண்டில் இருபத்தைந்து. இவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்டால் தூள்புட்டிக்குப் பெரும்பாலும் வேலையிராது. இவற்றில் மலிவானது சோயா. வீட்டில் மிகக்குறைவாகச் சமைக்கப்படுவதும் அதுவே.

நாடெங்கும் பல்கலைக்கழக விடுதிகளில் உணவுக்குழுக்கள் கூடுகின்றன. ஞாயிறு பிரியாணி பற்றியும் காப்பியின் சுவை பற்றியும் அங்கே காரசாரமாகப் பேசப்படுகிறது. அதே வளாகத்தில் பெரும்பொருள் செலவிட்டு உடற்பயிற்சிக்கூடங்களும் கட்டப்படுகின்றன. நானூறு பேருக்கான சாம்பாரில் எத்தனை கிலோ பருப்பு போடப்படுகிறது என்று அடுத்த கூட்டத்தில் யாரேனும் ஒரு மாணவர் கேட்கலாம்.