நற்செய்தி சொல்வதும் நல்ல அண்டை வீட்டாராக இருப்பதும்

ஜூரோங் ஈஸ்ட் ஸ்திரீட் 21ல் அருள்மிகு முருகன் கோயில் இருக்கிறது. அதே ஸ்திரீட்டில் அல்-முக்மினின் பள்ளிவாசலும் இருக்கிறது. வட்டாரத்தின் தமிழ்க் கிறிஸ்துவர்களுக்கு ஜூரோங் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் உண்டு. இந்த மூன்று இடங்களுக்கும் செல்லும் தமிழர்கள் ஒரே வீவக புளோக்கின் மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள். பல குடும்பங்களில் அக்காள் வீட்டில் தீபாவளி, தம்பி வீட்டில் கிறிஸ்துமஸ் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு சமயங்கள் இருக்கின்றன.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 57.3 விழுக்காட்டினர் இந்துக்கள், 23.4 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 12.6 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். அதாவது, ஓர் இந்தியக் கிறிஸ்துவரின் உறவினர், நண்பர், சக ஊழியர் என்ற வட்டத்தில் பெரும்பாலோர் வேறு சமயத்தவராகவே இருப்பர்.

கிறிஸ்துவ விசுவாசம் ஒருவரிடம் இரண்டு கடமைகளைக் கேட்கிறது. ஒன்று, தான் பெற்ற நற்செய்தியைப் பிறருக்குச் சொல்வது. மற்றது, தன்னைப்போல் பிறனையும் நேசிப்பது. பெரும்பாலான நாள்களில் இரண்டும் சேர்ந்தே போகும். சில நேரங்களில் ஒன்றையொன்று இழுக்கும். நேசிக்கும் அண்ணனிடம் பேசியே ஆகவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றலாம். அந்தப் பேச்சே அண்ணனைத் தள்ளி நிறுத்தவும் செய்யலாம். கடந்த நாற்பது ஆண்டுகளில் சிங்கப்பூரில் நடந்தவற்றைப் பார்த்தால், இந்த இழுபறியில் எது சரி, எது தவறு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எதிரே இருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா, சொன்ன பிறகும் உறவு தொடர்கிறதா என்பதே அது.

சிராங்கூன் சாலையில் எழுந்த மனக்கசப்பு

1986 ஆகஸ்டில் இந்துக் கோயில் ஒன்றின் நுழைவாயிலில், நடக்கவிருந்த கிறிஸ்துவக் கருத்தரங்கு ஒன்றுக்கான சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குச் சென்ற பக்தர்களிடம் கிறிஸ்துவப் பிரசாரகர்கள் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்ததும் இந்துக்களைப் புண்படுத்தியது. 1989 டிசம்பரில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்த சமய நல்லிணக்க வெள்ளை அறிக்கையின் பின்னிணைப்பில் இவை பதிவாகியுள்ளன.

அதே அறிக்கை இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தேர்வில் தோற்று மனம் உடைந்திருந்த சக மாணவர்களை மதம் மாற்ற பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் முயன்றதாகப் புகார்கள் வந்தன. மருத்துவமனைகளில் மருத்துவர்கள், மருத்துவ மாணவர்கள் சிலர் மரணப் படுக்கையில் இருந்தவர்களை, உறவினர்களின் உணர்வுகளைப் பொருட்படுத்தாமல் மதம் மாற்ற முயன்றனர்.

இந்தச் சம்பவங்களில் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சமயத்தைப் பின்பற்றும் உரிமையோடு அதைப் பரப்பும் உரிமையையும் ஒவ்வொருவருக்கும் தருகிறது. ஆகவே நற்செய்தியைப் பேசியது மட்டுமே குறை என்று கொள்ள முடியாது. தேர்வில் தோற்ற மாணவன், படுத்த படுக்கையான நோயாளி, கைகூப்பிக் கோயிலுக்குள் நுழையும் பக்தர் ஆகியோரிடம், அவர்கள் எழுந்து போகவோ மறுத்துப் பேசவோ இயலாத நேரத்தில் பேசியதுதான் குறை. பேசியவர்கள் அதை அன்பு என்றே நினைத்திருக்கக்கூடும். கேட்டவர்களுக்கு அது நெருக்குதலாகவே இருந்தது.

இத்தகைய உரசல்களின் பின்னணியில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990ல் நிறைவேறி, 1992ல் நடப்புக்கு வந்தது. 2019ல் அது திருத்தப்பட்டபோதுவரை அச்சட்டத்தின்கீழ் ஒருவர்மீதும் தடை ஆணை பிறப்பிக்கப்பட்டதில்லை. 2022 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. பிறர் சமயத்தைப் புண்படுத்தியவர், பாதிக்கப்பட்ட சமூகத்தோடு தாமாக முன்வந்து உறவைச் சரிசெய்துகொள்ள அது வழி வைத்திருக்கிறது. தண்டனையால் மட்டும் உறவு திரும்பாது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது என்று இதற்குப் பொருள்.

நான்கு சுவருக்குள் பேசியது

‘எங்கள் ஆட்களிடம்தானே பேசினோம்’ என்பது இப்போது செல்லாத வாதம். 2010 பிப்ரவரியில் லைட்ஹவுஸ் இவாஞ்சலிசம் சபையின் மூத்த போதகர் ரோனி டான், பௌத்தத்தையும் தாவோயிசத்தையும் பற்றித் தம் சபையில் பேசியவை இணையத்தில் பரவின. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அவரை அழைத்துப் பேசியது. அவர் மன்னிப்புக் கேட்டு, பௌத்த, தாவோயிசத் தலைவர்களையும் சந்தித்தார்.

2017ல் நிலைமை தலைகீழானது. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்களின் பழம்பெரும் வழிபாட்டுத் தலம். அங்கு பணியாற்றிய, இந்தியாவிலிருந்து வந்த இமாம் ஒருவர் தொழுகையின்போது, யூதர்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் எதிராக உதவி கேட்கும் வாசகம் ஒன்றை ஓதினார். காணொளி பரவியது. கிறிஸ்துவ, சீக்கிய, தாவோயிச, பௌத்த, இந்துப் பிரதிநிதிகள் முன்னிலையில் அவர் மன்னிப்புக் கேட்டார். யூத சமூகத்தின் ரபியையும் நேரில் சந்தித்தார். நீதிமன்றம் 4,000 வெள்ளி அபராதம் விதித்தது. பின்னர் அவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிறிஸ்துவர்களுக்கு ஒரு பாடம் தெரியும். 2017ல் காது கொடுத்துக் கேட்டபோது தங்களுக்கு எப்படி வலித்ததோ, 2010ல் பௌத்தர்களுக்கும் தாவோயிஸ்டுகளுக்கும் அப்படித்தான் வலித்திருக்கும். பிறர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ அதை அவர்களுக்குச் செய்யுங்கள் என்ற இயேசுவின் போதனை, பேச்சுக்கும் பொருந்தும்.

பேசாமலே இருப்பது தீர்வாகுமா?

வம்பு எதற்கு, சமயத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று பல குடும்பங்கள் முடிவெடுத்துவிடுகின்றன. அண்டை வீட்டாரோடு வானிலை, விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பேசலாம், சாமியைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்பது எழுதாத விதி. இது சண்டையைத் தவிர்க்கிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு.

2020 டிசம்பரில் 16 வயது மாணவர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டார். அவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த புரோட்டஸ்டன்ட் கிறிஸ்துவர். 2019ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்ட அதே மார்ச் 15ஆம் தேதியில், 2021ல் உட்லண்ட்ஸ் வட்டாரத்தின் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்க அவர் திட்டமிட்டிருந்தார். இணையம் வழியாகத் தாமாகவே அவர் தீவிரவாதச் சிந்தனைக்கு ஆளானதாக அதிகாரிகள் தெரிவித்தனர். அவரது திட்டமோ, இஸ்லாம்மீது அவருக்கிருந்த வெறுப்பின் ஆழமோ குடும்பத்தாருக்கும் பழகியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கடைசித் தகவல்தான் பெற்றோரையும் சபைகளையும் யோசிக்க வைக்க வேண்டியது. ஓர் இளையர் இன்னொரு சமயத்தைப் பற்றி அச்சமோ கோபமோ கொண்டால், அதை வீட்டிலோ ஞாயிறு பள்ளியிலோ வாய்விட்டுக் கேட்க இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் இணையம் பதில் சொல்லும். வாயை மூடிக்கொள்வதை நல்லிணக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

1949 முதல் இங்கு இயங்கிவரும் சமயங்களுக்கு இடையிலான அமைப்பு போன்றவை தலைவர்களை ஒன்றுசேர்க்கின்றன. தலைவர்கள் கைகுலுக்கிக்கொள்வது முக்கியம்தான். ஆனால் வீட்டுக் கூடத்தில் நடக்கும் உரையாடலை அவர்கள் வந்து நடத்திக்கொடுக்க முடியாது.

சாப்பாட்டிலும் சாவிலும்

தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சோதனை பெரும்பாலும் ஒரு தட்டு வடிவில் வருகிறது. கோயிலுக்குப் போய்வந்த அத்தை பிரசாதம் நீட்டுகிறார். விசுவாசத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆன மருமகன் தயங்குகிறார். வாங்கினால் தன் மனசாட்சி உறுத்தும். மறுத்தால் அத்தையின் மனம் உடையும்.

இது புதிய சிக்கல் அன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிக் கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் தம் முதல் கடிதத்தில் விரிவாக எழுதினார். விக்கிரக வழிபாட்டில் பங்குகொள்வதை அவர் திட்டவட்டமாக விலக்குகிறார். அதே கடிதத்தில், விசுவாசி அல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம், கேள்வி எதுவும் கேட்காமல் வைத்ததை உண்ணலாம் என்றும் சொல்கிறார். அது படைத்த உணவு என்று யாராவது சுட்டிக்காட்டினால், சொன்னவரின் மனசாட்சியை முன்னிட்டுத் தவிர்க்கலாம் என்கிறார். எதைத் தின்பது என்ற பட்டியலைவிட, எதிரே இருப்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்விதான் அவர் வாதத்தின் நடு நரம்பு.

இன்றும் பிரசாதம் வாங்கும் கிறிஸ்துவர்கள் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. வாங்காதவர் எப்படி மறுக்கிறார் என்பதில்தான் உறவு நிற்கிறது. ‘மன்னிச்சுக்குங்க அத்தை, இதை மட்டும் என்னால சாப்பிட முடியாது, உங்க கையால காப்பி கொடுங்க’ என்று சொல்பவர் விசுவாசத்தையும் விடவில்லை, அத்தையையும் விடவில்லை. அத்தையின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. ‘வேண்டாம்’ என்பதைத் தன்னை வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே அது.

இதைவிடக் கடினமானது சாவு. இந்துத் தகப்பனார் இறந்துவிட, கொள்ளி வைக்க வேண்டிய தலைமகன் கிறிஸ்துவராக இருப்பார். அல்லது கிறிஸ்துவத் தாயாரின் உடல் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்க, இந்து உறவினர்கள் சடங்கு கேட்பார்கள். துக்கமும் களைப்பும் சேர்ந்த அந்த இரவில் எடுக்கும் முடிவுகள் பல ஆண்டுகளுக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கிவிடக்கூடும். இறந்தவரின் விருப்பம் என்ன, யார் எதைச் செய்வது, யார் வெறுமனே உடன் நிற்பது என்று உயிரோடு இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது மேல். தாம் செய்ய இயலாத சடங்கைத் தம்பி செய்ய விட்டுவிட்டு, கடைசிவரை அருகில் நின்று பாரம் சுமக்கும் மகனை உறவினர்கள் மறக்கமாட்டார்கள்.

தங்குவிடுதிகளின் வாசலில்

2020 ஏப்ரலில் ஜூரோங் ஈஸ்ட் வட்டாரத்தின் வெஸ்ட்லைட் தோ குவான் தங்குவிடுதி தனிமைப்படுத்தும் இடமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 6,800 ஊழியர்கள் உள்ளேயே இருக்க நேர்ந்தது. தீவின் மற்ற விடுதிகளிலும் தமிழ்நாட்டு, பங்ளாதேஷ் ஊழியர்கள் பல மாதங்கள் அடைந்துகிடந்தனர். அந்தக் காலத்தில் ஊழியர்களுக்கு உணவும் மருத்துவமும் ஆறுதலும் கொண்டுபோனவர்களில் கிறிஸ்துவர்கள் கணிசமாக இருந்தனர். 2006ல் கிறிஸ்துவ மருத்துவர் கோ வெய் லியோங்கும் நண்பரும் தொடங்கிய ஹெல்த்சர்வ், போதகர் சாமுவேல் கிஃப்ட் ஸ்டீஃபன் தலைமையிலான ஏஜிடபிள்யூஓ கூட்டணி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

நல்ல சமாரியனின் கதை இத்தகைய தொண்டுக்கு ஊற்று. அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் கொடுத்துவிட்டுச் சமாரியன் தன் வழியே போய்விடுகிறான். எந்த ஆலயத்தில் தொழுகிறாய் என்று கேட்டதாகக் கதையில் இல்லை.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவை. கடனில் மூழ்கி, கை உடைந்து, குடும்பத்தைப் பிரிந்து கிடக்கும் ஊழியர், 1980களின் அந்த மருத்துவமனை நோயாளியைப் போன்றவரே. சோறு கொடுக்கும் கையை எதிர்த்துப் பேச அவரால் முடியாது. கூட்டத்துக்கு வந்தால்தான் பொட்டலம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டால், தொண்டு பேரமாகிவிடும். கேட்டால் மட்டும் சொல்வது, கேட்காவிட்டாலும் அதே அளவு கொடுப்பது என்பதே எந்தச் சபையும் பிடித்துக்கொள்ளத்தக்க எளிய வழி.

மாயூரத்தில் ஒரு முன்மாதிரி

இந்த வழி தமிழுக்குப் புதிதும் இல்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய நெருங்கிய நண்பர் சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்தச் சைவர் இந்தக் கிறிஸ்துவரைப் பாட்டுடைத் தலைவராக்கி ஒரு கோவையே பாடினார். 1870களின் கொடும் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை ஏழைகளுக்கு உணவளித்ததைப் போற்றி, நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை இயற்றினார். பிள்ளையின் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. இவர்களில் யாரும் நட்புக்காகத் தம் சமயத்தை மறைக்கவில்லை.

சட்டமும் வீவக வீடுகளுக்கான இன விகிதாசாரமும் வெவ்வேறு மனிதர்களை அடுத்தடுத்த கதவுகளுக்குள் குடிவைக்க முடியும். அந்தக் கதவைத் தட்டும்போது என்ன தொனியில் பேசுவது என்பதை அவரவர் விசுவாசம்தான் கற்றுத்தர வேண்டும். கிறிஸ்துவ விசுவாசத்தில் அதற்கான சரக்கு நிறையவே இருக்கிறது. ஜூரோங்கில் ஒரு குடும்பம் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறதா என்பதை அதன் இந்து, முஸ்லிம், பௌத்த அண்டை வீட்டாரிடம் கேட்டால் தெரிந்துவிடும். நற்செய்தியை ஏற்க மறுத்த பிறகும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குக் கேக் வருகிறதென்றால், அந்த விசுவாசம் நன்றாகவே பேசிக்கொண்டிருக்கிறது.