தற்புகழ்ச்சி தகுமிடம்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கும். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றுபவன் என்பன அவை. நான்காமவனுக்கு வேண்டும் இயல்புகளைப் பரிமேலழகர், நோயாளன்மாட்டு அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என விரித்துரைப்பர். வடமொழிச் சரக சங்கிதையும் இவற்றோடொத்த நான்கினைக் கூறும். வள்ளுவர் ஆண்பாலாற் கூறினாரெனினும் அது பெண்பாற்கும் ஒக்கும். இக்காலத்து நம் வைத்தியசாலைகளில் இருபாலாரும் அப்பணியில் உளர்.

இங்ஙனம் மருத்துவத்தின் காற்பங்காய் நிற்கும் பணிக்குத் தலைமை பூணுவோரை, அஃதாவது விடுதிப் பொறுப்புச் சகோதரியையும் மேற்றனையும், அரசாங்க வைத்தியசாலைகளுக்குத் தெரிந்தெடுக்குங்கால் இந்நான்கனுள் எத்தனை ஆராயப்படுகின்றன? அறிவு ஒன்றே, அதுவும் சான்றிதழ் வடிவில், ஆராயப்படுகின்றதென்பது எம் கருத்து.

முதலில் விண்ணப்பத்தை நோக்குவாம். எம்மிடம் தமிழ் கற்றுத் தாதியரானோர் சிலர், பதவி வெற்றிடம் அறிவிக்கப்பட்டதும், கடிதத்தின் வழுக்களைக் களையுமாறு எம்பால் வருதலுண்டு. இலக்கண வழு சிலவே; பொருள் வழுவோ பெரிது. கடிதம் பணிவிலே தொடங்கி இரத்தலிலே முடியும். நடுவே சேவையாண்டுகளின் கணக்கு நிற்கும். செய்த செயல் யாண்டும் இராது.

2017இல் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு ஐயத்துக்குள்ளாயினர். அவ்வாண்டிலே நோயாளர் நெருங்கிக் கிடந்த ஒரு விடுதியை, சகோதரி விடுப்பிலிருந்த காலத்துப் பொறுப்பேற்று நடத்தியவர் எம் பழைய மாணவியருள் ஒருவர். டெங்கில் ஆபத்துக் காய்ச்சல் தணியும் வேளையிலேயே நேர்வது. குருதிக் கலங்களினின்று நீர் கசியும் அவ்வொன்றிரண்டு நாளில் நாடி, குருதியமுக்கம், சிறுநீரளவு என்பவற்றை இடையறாது நோக்கிக் குறித்தல் வேண்டும். கடமை மாறும்போது, செல்வோரும் வருவோரும் மேசையருகே நின்று பேசிப் பிரியாது, கட்டில் கட்டிலாய்ச் சென்று நோயாளரை ஒப்புவிக்கும் ஒழுங்கை இவர் அங்கே நிலைநிறுத்தினார். விண்ணப்பத்திலோ, ‘திறம்படக் கடமையாற்றினேன்’ என்னும் ஒரு வாக்கியமே இருந்தது. ஏன் எழுதவில்லையென வினாவியபோது, “ஐயா, தற்புகழ்ச்சியாகுமே” என்றார்.

நன்னூல் கற்றார் இதற்கு விடையறிவர். தன்னைத்தான் புகழ்தல் தகாதெனினும், மன்னன் அவைக்கு ஓலை வரையும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடையேயும் அது தகும் என்பர் பவணந்தியார். விண்ணப்பம் அவ்வோலையே, நேர்முகப் பரீட்சைக் குழு நம்மை அறியாதார் அவையே. புலவர்க்கு வகுத்த விதி தாதியர்க்கு ஆகாதென்பாருமுளரோ!

இனி அக்குழுவினை நோக்குவாம். எம்மிடம் வந்தோர் கூறியவாற்றால், மூலப் பத்திரங்களைப் புரட்டலும், சேவை மூப்பை எண்ணலும், சுற்றறிக்கைகளை வினாவலுமே அங்குப் பெரும்பொழுதைக் கொள்கின்றன. புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தாதியம் பற்றிய நூலில், சிறு காரியங்களை நிருவகித்தல் குறித்து ஓர் அதிகாரம் உண்டு. தான் இருக்கும்போது நடப்பது தான் இல்லாதபோதும் நடக்குமாறு செய்தலே பொறுப்பேற்றல் என்பது அதன் கருத்து. ஆகவே, ‘இளந்தாதி ஒருவர் இரவிலே மருந்தை மாறிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்து சொல்கின்றார், நீர் முதலிற் செய்வது யாது?’ என வினாவுக. நோயாளியிடம் விரைந்து, மருத்துவருக்கு அறிவித்து, உள்ளதை உள்ளவாறு ஏட்டிற் பதிப்பேன் என்பார் தலைமைக்கு உரியர். முதலில் அவரைக் கண்டிப்பேன் என்பாரின்கீழ் அடுத்த தவறு மறைக்கப்படும். அதனால் நோயாளி மாய்தலுங் கூடும்.

சேவை மூப்பை விடின் தயவும் சிபாரிசும் புகும் என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று, யாமும் கண்டிருக்கிறோம். எனினும் மூப்பைத் தள்ளுக என்று யாம் கூறிற்றிலேம். எல்லார்க்கும் ஒரே வினாக்களை முன்னரே எழுதிவைத்து, குழுவினர் தம்முட் பேசுமுன் தனித்தனியே புள்ளியிட்டால், சிபாரிசு நுழையும் வாயில் பெரிதும் அடைபடும்.

மற்றொன்று மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் தெற்கே ஒரு விடுதியில் தமிழ் மூதாட்டி வயிற்றைத் தொட்டுக் காட்டியே நோவுரைப்பதும், வடக்கே ஒரு சிங்களக் கூலியாள் அவ்வாறே கைகாட்டுவதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. மொழிச் சான்றிதழைப் பார்த்து மூடிவைத்தலிற் பயன் யாது? வீடு செல்லும் நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் ஊசியை எப்பொழுது, எவ்வளவு, உணவுக்கு எத்துணை முன் இடவேண்டும் என்பதை மற்றை மொழியில் இரண்டு நிமிடம் விளக்குமாறு அக்குழுவினர் முன்னிலையிலேயே கேட்கலாமே. கேட்பவருள் ஒருவரேனும் அம்மொழி அறிந்தவராயிருத்தல் வேண்டும்.