சோதனை ஓடும்போதே எண்கள் தெரிய வேண்டும்

பொதுமக்களுக்கான இணையதளம் ஒன்றைத் திறப்பதற்கு முன், அது எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான போலிப் பயனர்களை மென்பொருளால் உருவாக்கி, ஒரே நேரத்தில் தளத்துக்குள் அனுப்புவார்கள். லோட் டெஸ்ட் என்று பெயர். சென்னையில் பல வருடங்களாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். இதில் ஒரு வழக்கம் ஒழிந்தே ஆக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். இரவில் சோதனையை நடத்திவிட்டு, முடிவை இரண்டு மூன்று நாள் கழித்துப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறோமே, அந்த வழக்கம்.

மாணவர் சேர்க்கைக்கான தளம் ஒன்றைச் சோதித்தோம். நள்ளிரவு தாண்டித் தொடங்கி, பயனர் எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றினோம். மூவாயிரத்தைத் தாண்டியதும் விண்ணப்பப் பக்கம் திறக்க முப்பது நொடி பிடித்தது. அத்தனை விவரமும் எங்கள் கணினியில் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே இருந்தது, ஆனால் எங்கள் கணினியில் மட்டும். டேட்டாபேஸைக் கவனிப்பவர் வேறொரு ஊரில், வேறொரு நிறுவனத்தில் இருந்தார். ரிப்போர்ட் அவர் கைக்குப் போனபோது மூன்று நாள் ஓடிவிட்டது. அதற்குள் அந்த இரவின் லாக் கோப்புகள் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன. “எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் மேடம் இருந்துச்சு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சரியாக இருந்ததா இல்லையா என்று காட்ட இரண்டு தரப்பிடமும் எதுவும் மிச்சமில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது அப்பாச்சி ஜேமீட்டர். இலவச மென்பொருள். சோதனை முடிவுகளை உடனுக்குடன் வேறொரு செயலிக்கு அனுப்பும் ‘பேக்எண்ட் லிஸனர்’ என்ற வசதி அதில் 2015-லேயே வந்துவிட்டது. 2017-ல் வெளியான 3.2 பதிப்பிலிருந்து இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுக்கிடங்குக்கு நேரடியாகவே அனுப்பலாம். ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாக அனுப்பாது. ஐந்து நொடிக்கு ஒருமுறை எத்தனை கோரிக்கை போனது, எத்தனை தோற்றது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று தொகுத்து அனுப்பும். கிராஃபானா என்ற இன்னொரு மென்பொருள் அதை வரைபடமாகத் திரையில் காட்டும். சென்னையில் ஓடும் சோதனையை மதுரையில் இருப்பவர் அதே நிமிடத்தில் பார்க்கலாம்.

திரையில் எந்தக் கோட்டைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். பலரும் சராசரியைக் கேட்கிறார்கள். நூறு பேரில் 95 பேருக்குப் பக்கம் ஒரு நொடியில் திறக்கிறது, ஐந்து பேருக்கு நாற்பது நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி மூன்று நொடிகூட வராது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஐந்து பேரில் ஒருத்தி, கடைசி நாள் மாலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பிக்கும் பெண்ணாக இருக்கலாம். அதனால்தான் சராசரியோடு 95, 99 சதமானக் கோடுகளும் திரையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். நூறு பேரில் கடைசியில் நிற்கும் ஐந்து பேர், ஒருவர் படும் பாடு அதில்தான் தெரியும்.

பின்னொரு வேலையில் டேட்டாபேஸ்காரருக்கும் எங்கள் திரையையே திறந்து கொடுத்தோம். அவருடைய சர்வர் எண்களும் அதே கடிகாரத்தில் கீழே ஓடின. 99 சதமானக் கோடு மேலே ஏறிய அதே நேரத்தில், டேட்டாபேஸ் இணைப்புகள் உச்சவரம்பைத் தொட்டன. “இதுக்கு மேல ஏத்தாதீங்க மேடம், அப்படியே வையுங்க” என்று போனில் சொன்னார். சுமையை அங்கேயே நிறுத்தினோம். ஓடிக்கொண்டிருந்த வினவல்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விண்ணப்ப எண்ணைத் தேடும் வினவல் ஒன்று இண்டெக்ஸ் இல்லாமல் மொத்த அட்டவணையையும் துழாவிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் சரிசெய்து மறுபடியும் ஓட்டினோம்.

அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் கதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். 2013 அக்டோபர் 1-ல் மருத்துவக் காப்பீட்டுக்காக அந்தத் தளம் திறந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் ஆறே பேர். திறப்பதற்குச் சில நாள் முன்பு நடந்த சோதனையில், சில நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைந்ததுமே தளம் விழுந்தது என்று வாஷிங்டன் போஸ்ட் பின்னர் எழுதியது. அப்படியும் திறந்தார்கள். மீட்க வந்த பொறியாளர்கள், தளம் எப்படி ஓடுகிறது என்று ஒரே இடத்தில் காட்டும் திரைகூட அங்கே இல்லாததைக் கண்டு திகைத்தார்கள். அப்படி ஒரு திரையை அமைப்பதுதான் அவர்களுடைய முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதைச் சோதனைக் காலத்திலேயே மாட்டிவைத்து, திறப்புத் தேதியை முடிவு செய்கிறவர்களை அதன் முன் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பேன்.

எங்கள் துறை மேலாளர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். கோடு சிவப்பாக ஏறுவதைப் பார்த்தால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார், விளக்கத்தோடு ரிப்போர்ட்டாகக் கொடுப்பதே நல்லது என்கிறார்கள். வாடிக்கையாளர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படட்டும். நாற்பது பக்க ரிப்போர்ட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கும் தோல்வியை யார் படிக்கிறார்கள்? பாதுகாப்புக் குழுவினர் வெளியே தரவு போகக் கூடாது என்பார்கள். அது நியாயமான கவலை. ஆனால் போவது நேரமும் எண்ணிக்கையும்தான், யாருடைய பெயரும் ஆதார் எண்ணும் அல்ல. இப்படி நேரலையாகக் காட்டும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முடிவுகளை வாங்கும் செயலியை, சோதிக்கப்படும் சர்வரிலேயே வைக்கக் கூடாது. எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். முழு விவரக் கோப்பையும் பத்திரப்படுத்த வேண்டும், ஏனென்றால் ஐந்து நொடித் தொகுப்பில் தப்பும் விஷயங்களை அங்கேதான் தேட முடியும்.

தேர்வு முடிவு, மாணவர் சேர்க்கை, நலத்திட்டப் பதிவு என்று லட்சக்கணக்கானோர் ஒரே காலையில் நுழையும் தளங்களுக்கு டெண்டர் எழுதும் அதிகாரிகளிடம் என் கோரிக்கை இதுதான். ‘லோட் டெஸ்ட் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்’ என்ற வரியோடு, சோதனை முடிவுகள் ஓடும்போதே துறையின் திரைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். டேட்டாபேஸ், நெட்வொர்க், செயலி மூன்றையும் கவனிப்பவர்கள் அந்த நேரத்தில் அதே திரையில் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். திறப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் சோதனை இரவில் வந்து, முடியும்வரை உட்கார்ந்து பார்க்கட்டும்.