கிடாவுக்கு ‘சத்து டானிக்’: பெட்டைகள் சினை பிடிக்குமா, காசுதான் கரையுமா?

ஒரு பெட்டை ஆடு சினை பிடிக்கலைன்னா நஷ்டம் அதோடு போச்சு. கிடாவிடமே கோளாறு என்றால்? 20 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா என்பது பண்ணைக் கணக்கு. மொத்த ஈத்தும் காலி!

அதனால்தான் துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஈ கலந்த டானிக்குகளுக்கு இவ்வளவு மவுசு. இவை வேலை செய்யுமா?

தீவனத்தில் குறை இருந்தால்: ஆம். துத்தநாகம் குறைந்தால் விரை வளர்ச்சியும் விந்தணு உற்பத்தியும் பாதிக்கும். செலினியமும் வைட்டமின் ஈ-யும் விந்தணுவின் மேலுறை சிதையாமல் காக்கும்.

குறையே இல்லை என்றால்? கூடுதலாக ஊற்றுவதில் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. செலினியம் அளவு மீறினால் விஷம்.

எப்போது கொடுப்பது? ஆட்டில் விந்தணு உருவாகவே சுமார் 48 நாள் ஆகும். அது முதிர்ந்து தயாராக மேலும் சில நாள். இன்னைக்குக் கொடுத்துட்டு அடுத்த வாரம் ரிசல்ட் தேடினால் கிடைக்காது. இணை சேர்ப்பதற்கு 2 மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

தீவனத் தொட்டியையும் பாருங்க: பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் அதிகமானால் விந்தணுவைக் கெடுக்கும். தானியத்தை அள்ளிப் போட்டால் கிடாவுக்குச் சிறுநீர்க்கல் வரலாம்.

விரை வீக்கம், கால் நொண்டுவது, கடும் வெயில் தாக்கம் இதெல்லாம் டானிக்கில் சரியாகாது. எனவே, பாட்டில் வாங்கும் முன் கிடாவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, விந்துப் பரிசோதனை செய்வதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.